‘பார்டர்லைன் சுகர்’: மாத்திரையா, நடையா என்று கேட்டவருக்கு

நீங்கள் எழுதியது இதுதான்: ஆண், வயது 43, எடை 79 கிலோ, உயரம் 168 செ.மீ., வெறும் வயிற்றில் சர்க்கரை 106, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை) 5.9. ஒரு டாக்டர் மெட்ஃபார்மின் 500 எழுதிக் கொடுத்தார். இன்னொருவர் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, “இதுக்கெல்லாம் மாத்திரை எதுக்கு, நடங்க போதும்” என்றார். இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னும் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இந்த எண்களோடு இருப்பவருக்குச் சர்க்கரை நோய் கட்டாயம் வந்தே தீருமா? தடுக்க முடியும் என்று யாராவது முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? இரண்டாவதற்கு என் பதில், ஆம், மருத்துவத்தில் இவ்வளவு நன்றாகச் சோதிக்கப்பட்ட விஷயங்கள் குறைவு. ஆனால் அந்தச் சோதனைகளில் சேர்க்கப்பட்டவர்கள் உங்களைப் போன்றவர்கள்தானா என்பதில் ஒரு முடிச்சு இருக்கிறது. பொது மருத்துவம் படித்து இருபது வருடமாகச் சர்க்கரை நோயாளிகளைப் பார்த்துவரும் எனக்கே அந்த முடிச்சு புரியப் பல வருடம் பிடித்தது.

முதலில் பெயரைப் பார்ப்போம். ‘பார்டர்லைன் சுகர்’ என்று நாம் சொல்லும் ப்ரீடயாபடிஸ் என்பது ஒரே நோயின் பெயர் அல்ல. மூன்று தனித்தனிச் சோதனைகளில் ஏதோ ஒன்றில், நார்மலுக்கும் சர்க்கரை நோய்க்கும் இடைப்பட்ட நடுவரம்புக்குள் மாட்டிய எல்லோருக்கும் சேர்த்து வைத்த பெயர். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் கணக்குப்படி வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199 வரை, எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை. இதில் அந்த 100 என்ற கோடு 2003 வரை 110 ஆக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் இன்றும் 110-ஐத்தான் வைத்திருக்கிறது. அதாவது உங்கள் 106 ஒரு கையேட்டின்படி ப்ரீடயாபடிஸ், இன்னொன்றின்படி நார்மல். யாரும் தப்பாகச் சொல்லவில்லை. ஆபத்து 90-களிலிருந்தே சரிவுப் பாதை மாதிரி மெதுவாக ஏறுகிறது, எங்கும் படிக்கட்டு கிடையாது. சரிவில் எங்கே கோடு போடுவது என்பது மனிதர்கள் கூடி எடுக்கும் முடிவு. இதை வைத்துத்தான் ‘மருந்துக் கம்பெனிக்காரன் கட்டிவிட்ட நோய்’ என்ற பேச்சு கிளம்புகிறது. கோடு மனிதர் போட்டது என்பது உண்மை, சரிவும் அதே அளவுக்கு உண்மை.

இந்த மூன்று சோதனைகளும் ஒரே ஆட்களைப் பிடிப்பதில்லை என்பதுதான் முக்கியம். வெறும் வயிற்றுச் சர்க்கரை கூடினால், இரவெல்லாம் கல்லீரல் தேவைக்கு மேல் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கிறது என்று பெரும்பாலும் பொருள். இரண்டு மணி நேர அளவு கூடினால், சாப்பிட்டபின் வரும் சர்க்கரையைத் தசைகள் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை, கணையமும் ஈடுகொடுக்கத் திணறுகிறது என்று பொருள். எச்பிஏ1சி இரண்டையும் கலந்து ஏறத்தாழ மூன்று மாத சராசரியைச் சொல்கிறது, ஆனால் சிவப்பணு வழியாகச் சொல்கிறது. சிவப்பணுவில் கோளாறு இருந்தால் அதுவும் தப்பாகச் சொல்லும். இரும்புச்சத்துக் குறைவில் எச்பிஏ1சி பொய்யாகக் கூடும். ரத்தப்போக்கு, சிவப்பணு சீக்கிரம் அழியும் நோய்கள், சமீபத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டது இவற்றிலெல்லாம் பொய்யாகக் குறையலாம். 6.0 என்ற ரிப்போர்ட்டோடு பயந்துபோய் வந்த ஒரு அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 8.5 இருந்தது. சர்க்கரையைத் தொடவே இல்லை, இரும்புச்சத்துக்கு மட்டும் வைத்தியம் செய்தேன். ஐந்து மாதம் கழித்து 5.5. உங்கள் கேள்வியில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று இல்லை, அதையும் பார்த்துவிடுங்கள். இரத்தம் சரியாக இருந்தாலும் நல்ல ஆய்வகத்திலேயே 0.2, 0.3 ஏறி இறங்குவது சகஜம். 5.9-க்கும் 5.7-க்கும் இடையிலான வித்தியாசத்தை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

இப்போது ஆராய்ச்சிகள். சீனாவின் டாச்சிங் நகரில் 1986-ல் தொடங்கிய ஆய்வில் 577 பேர். ஆறு வருட முடிவில் சும்மா விடப்பட்ட குழுவில் நூற்றுக்கு 68 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவு, உடற்பயிற்சி, இரண்டும் சேர்ந்தது என்று பிரித்த மூன்று குழுக்களிலும் 41 முதல் 46 வரை. ஃபின்லாந்தில் 522 பேரை வைத்துச் செய்து 2001-ல் வெளியான ஆய்வில் வாழ்க்கைமுறை மாற்றத்தால் ஆபத்து 58 சதவீதம் குறைந்தது. அமெரிக்காவில் 27 மையங்களில் 3,234 பேரை வைத்து நடந்து 2002-ல் வெளியான டிபிபி (டயாபடிஸ் ப்ரிவென்ஷன் புரோகிராம்) என்கிற ஆய்விலும் வாழ்க்கைமுறைக் குழுவில் அதே 58 சதவீதம், மெட்ஃபார்மின் குழுவில் 31 சதவீதம். சென்னையை மையமாகக் கொண்டு 531 பேரிடம் நடந்து 2006-ல் வெளியான ஐடிபிபி என்கிற இந்திய ஆய்வில் வாழ்க்கைமுறை மாற்றம், மெட்ஃபார்மின், இரண்டும் சேர்ந்தது மூன்றுமே 26 முதல் 29 சதவீதம் வரைதான் குறைத்தன. இரண்டையும் சேர்த்ததால் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை.

இந்த நான்கு ஆய்வுகளிலும் ஆட்களைச் சேர்த்தது எதை வைத்து? குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்த அளவு 140-க்கு மேல் இருக்கிறதா என்பதை வைத்து. அந்தச் சோதனை உங்களுக்கு இன்னும் செய்யவே இல்லை. முடிச்சு என்று சொன்னது இதைத்தான். நிரூபணம் முழுக்க ஒரு வாசல் வழியாக வந்தவர்களிடம் கிடைத்தது, நீங்கள் வந்தது வேறு வாசல்.

வாசல் மாறினால் என்ன ஆகும்? வெறும் வயிற்றுச் சர்க்கரை கூடியிருந்த 641 பேரை ஜப்பானில் சேர்த்துச் செய்த ஆய்வு 2011-ல் வந்தது. மொத்தக் கணக்கில் பலன் இருந்தது. பிரித்துப் பார்த்தபோது அந்தப் பலன் இரண்டு மணி நேர அளவும் சேர்ந்து கூடியிருந்தவர்களிடம்தான் இருந்தது, வெறும் வயிற்று அளவு மட்டும் கூடியவர்களிடம் தெரியவில்லை. சென்னையில் 578 பேரிடம் நடந்து 2016-ல் வெளியான டி-கிளிப் ஆய்வில் வாழ்க்கைமுறைப் பயிற்சியோடு, ஆபத்து குறையாதவர்களுக்கு மெட்ஃபார்மினும் சேர்த்தார்கள். மொத்தத்தில் 32 சதவீதம் குறைந்தது. ஆனால் வெறும் வயிற்று அளவு மட்டும் கூடியவர்களிடம் 12, இரண்டும் கூடியவர்களிடம் 36. இப்படிக் கூறுபோட்டுப் பார்க்கும் கணக்குகளை நான் பாதிதான் நம்புவேன், ஆட்கள் குறையக் குறைய எண்கள் ஆடும். ஆனாலும் இரண்டு வேறு இடங்களில் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதை ஒதுக்கிவிட முடியாது.

சரி, டிபிபியில் ‘வாழ்க்கைமுறை மாற்றம்’ என்று எதைச் செய்தார்கள்? பலரும் தவறவிடும் இடம் இது. ஒவ்வொருவருக்கும் ஒரு பயிற்சியாளர். முதல் 24 வாரத்தில் நேருக்கு நேர் 16 பாடங்கள், அதன்பின் மாதாமாதம் சந்திப்பு. என்ன சாப்பிட்டோம், எத்தனை நிமிடம் நடந்தோம் என்று தானே எழுதிவர வேண்டும், எடை பார்க்க வேண்டும். இலக்கு இரண்டே இரண்டு: உடல் எடையில் 7 சதவீதம் குறைய வேண்டும், வாரத்துக்கு 150 நிமிடமாவது வேக நடை. இவ்வளவு கவனிப்பிலும் 24 வாரத்தில் பாதிப் பேர்தான் எடை இலக்கை எட்டினார்கள், கடைசியில் அதில் நின்றவர்கள் 38 சதவீதம். ஒப்பிடுவதற்காக வைத்திருந்த போலி மாத்திரைக் குழுவையும் சும்மா விடவில்லை. உணவைப் பார்த்துச் சாப்பிடுங்கள், எடையைக் குறையுங்கள், நடங்கள் என்று அச்சடித்த தாளும், வருடத்துக்கு ஒருமுறை 20, 30 நிமிட ஆலோசனையும் கொடுத்தார்கள்.

இதைப் படித்த அன்று எனக்குச் சுருக்கென்றது. “நடங்க, இனிப்பைக் குறைங்க” என்று இரண்டு வரி சொல்லி அனுப்பிவிட்டு, வாழ்க்கைமுறை வைத்தியம் செய்துவிட்டதாகப் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கொடுத்துவந்தது 58 சதவீதம் குறைத்த சிகிச்சையே இல்லை, எதிரே ஒப்பிட வைத்திருந்த குழுவுக்குக் கொடுத்ததைவிடவும் குறைவு. உங்கள் இரண்டாவது டாக்டர் சொன்ன “நடங்க போதும்” என்பதும் அந்த வகைதான். எத்தனை நிமிடம், எவ்வளவு எடை, யார் கணக்குப் பார்ப்பது என்று இல்லாத அறிவுரைக்கு டிபிபியைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

முதல் டாக்டரின் மாத்திரைக்கு வருகிறேன். டிபிபியில் மெட்ஃபார்மின் 850 மி.கி. தினம் இரண்டு வேளை. ஐடிபிபியில் 250 மி.கி. இரண்டு வேளை, அதாவது உங்களுக்கு எழுதிய அதே 500. ஆக அவர் எழுதிய அளவுக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாருக்குப் பலன் அதிகம் என்று டிபிபியில் பார்த்தபோது, இளவயதினர், உடல் எடைக் குறியீடு (பிஎம்ஐ, உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 35-க்கு மேல் இருப்பவர்கள், கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்கள் இவர்களிடம் மாத்திரை நன்றாக வேலை செய்தது. 60 வயதைக் கடந்தவர்களிடம் அவ்வளவாக எடுபடவில்லை, அவர்களிடம் வாழ்க்கைமுறை மாற்றமோ 71 சதவீதம் குறைத்தது. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதலில் மெட்ஃபார்மினைக் குறிப்பாக யோசிக்கச் சொல்லும் ஆட்கள் 25 முதல் 59 வயதுக்குள் குறியீடு 35-ஐத் தாண்டியவர்கள், வெறும் வயிற்றில் 110-க்கு மேல் இருப்பவர்கள், எச்பிஏ1சி 6.0-க்கு மேல் இருப்பவர்கள், கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்கள். உங்கள் குறியீடு 28, வெறும் வயிற்றில் 106, எச்பிஏ1சி 5.9. எதிலும் நீங்கள் இல்லை. இங்கே ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த 35 அமெரிக்க உடம்புக்கு அளந்தது. ஐடிபிபியில் சேர்ந்தவர்களின் சராசரிக் குறியீடு 26-க்கும் குறைவு, ஆனாலும் அங்கே சும்மா விடப்பட்ட குழுவில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. அமெரிக்காவில் அதே காலத்தில் 29 சதவீதம்தான். ஒல்லியான உடம்பு என்பது தெற்காசியருக்குப் பெரிய பாதுகாப்பு இல்லை. அதனால் குறியீட்டை மட்டும் வைத்து “உனக்கு மாத்திரை வேண்டாம்” என்று தள்ள எனக்குத் தயக்கம் உண்டு.

மாத்திரை நோயைத் தடுக்கிறதா, மறைக்கிறதா என்றும் கேட்கலாம். டிபிபிக்காரர்களே கேட்டார்கள். ஆய்வு முடிந்ததும் ஒன்றிரண்டு வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி சோதித்தார்கள். 31 சதவீதமாக இருந்த குறைவு 25 ஆனது. கொஞ்சம் மறைத்திருந்தது, பெரும்பகுதி மறைக்கவில்லை.

இனி அந்த 58-ஐப் பிரித்துக் காட்டுகிறேன், சதவீதம் ஆளை ஏமாற்றும். டிபிபியில் மூன்று வருடத்தில் போலி மாத்திரைக் குழுவில் நூற்றுக்கு 29 பேருக்கு நோய் வந்தது, மெட்ஃபார்மின் குழுவில் 22, வாழ்க்கைமுறைக் குழுவில் 14. அதாவது பெரிதாக எதுவும் செய்யாமலே 71 பேருக்கு அந்தக் காலத்தில் வரவில்லை. எல்லாம் செய்தும் 14 பேருக்கு வந்தது. ஏழு பேர் மூன்று வருடம் மெனக்கெட்டால் ஒருவர் தப்பிக்கிறார். தடுப்பு வைத்தியத்தில் இது மிக நல்ல கணக்கு. ஆனால் “நான் எல்லாம் ஒழுங்காகச் செய்தேனே, எனக்கு ஏன் வந்தது” என்று அழுபவர் அந்த 14-ல் ஒருவர், அவரைக் குற்றம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

கட்டாயம் வருமா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது: கட்டாயம் இல்லை. வயது கூடக்கூட அந்த வாய்ப்பு இன்னும் குறைவு. அமெரிக்காவில் சராசரி வயது 75-ஐத் தாண்டியவர்களை ஆறரை வருடம் தொடர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில், எச்பிஏ1சி நடுவரம்பில் இருந்தவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான் சர்க்கரை நோய் ஆனது. 13 சதவீதம் பேர் நார்மலுக்குத் திரும்பிவிட்டார்கள், 19 சதவீதம் பேர் வேறு காரணங்கள் உட்பட எல்லாம் சேர்த்து இறந்துபோனார்கள். உங்கள் வீட்டில் எழுபது எண்பது வயதில் யாருக்காவது 6.0 என்று வந்து, சாப்பாட்டைக் கெடுபிடி செய்துகொண்டிருந்தால் கொஞ்சம் தளர்த்தலாம். 43 வயதில் அந்த வசதி இல்லை, முன்னால் நிறைய வருடம் இருக்கிறது.

‘தடுப்பு’ என்ற சொல்லும் கொஞ்சம் அதிகம், ‘தள்ளிப்போடுதல்’ என்பதே சரி. டாச்சிங்கில் முப்பது வருடம் கழித்துக் கணக்கெடுத்தபோது நோய் சராசரியாக நான்கு வருடம் தள்ளிப்போயிருந்தது. இதய, ரத்தநாள நோய்களும் கண் முதலிய இடங்களில் வரும் சிறு ரத்தநாளப் பாதிப்புகளும் குறைந்திருந்தன, ஆயுள் சராசரியாக ஏறத்தாழ ஒன்றரை வருடம் கூடியிருந்தது. டிபிபியின் நீண்டகாலத் தொடர்ச்சியில் 15 வருடத்தில் வாழ்க்கைமுறைக் குழுவின் குறைவு 27 சதவீதமாகவும் மெட்ஃபார்மினுடையது 18 ஆகவும் இறங்கிவிட்டது. இருபது வருடம் ஆன பிறகும் இறப்பிலோ மாரடைப்பிலோ தெளிவான வித்தியாசம் தென்படவில்லை. ஏன் இந்த முரண்? ஆய்வின் முதல் கட்டம் முடிந்ததும் எல்லாக் குழுவுக்கும் வாழ்க்கைமுறைப் பயிற்சி கொடுத்தார்கள், ரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் எல்லோரும் நல்ல மருந்து எடுத்தார்கள், அதனால் வித்தியாசம் கரைந்திருக்கலாம். இது என் ஊகம் மட்டும் அல்ல, பலரும் சொல்லும் விளக்கம். ஆனாலும் விளக்கம்தான், நிரூபணம் இல்லை. சர்க்கரை நோய் தள்ளிப்போகும் என்பது உறுதி, அதனால் ஆயுள் கூடும் என்பதற்கு டாச்சிங் ஒன்றுதான் பலமான சாட்சி.

மற்ற மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரோசிகிளிட்டசோன், பயோகிளிட்டசோன் இரண்டும் சோதனையில் சர்க்கரையை அபாரமாகத் தள்ளிப்போட்டன, கூடவே எடை கூடியது, உடம்பில் நீரும் கோர்த்தது, ரோசிகிளிட்டசோனில் இதயச் செயலிழப்பு கூடியது. வைட்டமின் டி-யை 2,423 பேருக்குத் தினம் 4,000 யூனிட் கொடுத்து 2019-ல் வெளியிட்டார்கள், உறுதியாகப் பலன் என்று சொல்லும்படி வரவில்லை. புதிய ஊசி டிர்செபடைட் உடல் பருமன் உள்ளவர்களிடம் மூன்று வருடத்துக்கு மேல் கொடுத்துப் பார்த்ததில் 1.3 சதவீதம் பேருக்குத்தான் நோய் வந்தது, போலி ஊசிக் குழுவில் 13.3. எண் பிரமாதம். ஆனால் இது பருமனுக்கான மருந்து, நிறுத்தினால் எடை திரும்பும் வகையைச் சேர்ந்தது. 106-க்கு இதை யோசிக்க வேண்டியதில்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் மாத்திரை முடிவை ஒரு சோதனைக்காகத் தள்ளிவைப்பேன். குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் அந்த இரண்டு மணி நேரச் சோதனை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும், இரண்டு மணி நேரம் ஓரிடத்தில் உட்கார வேண்டும், நடக்கக் கூடாது, புகைக்கக் கூடாது. இன்னொன்று, பலர் சொல்ல மறப்பது: அதற்கு முந்தைய மூன்று நாளும் வழக்கம்போல் மாவுச்சத்தோடு சாப்பிடுங்கள். ரிப்போர்ட் பார்த்த பயத்தில் மாவுச்சத்தை வெட்டிவிட்டுப் போனால், உடம்புக்குத் திடீரென்று வரும் குளுக்கோஸைக் கையாளும் பழக்கம் விட்டுப்போய் எண் பொய்யாகக் கூடும். இந்தச் சோதனையே ஆளுக்கு ஆள் மட்டுமல்ல, நாளுக்கு நாளும் மாறக்கூடியது, எல்லையில் வந்தால் இன்னொரு நாள் திரும்பச் செய்வதில் தப்பில்லை.

இரண்டு மணி நேர அளவு 140-க்குள் வந்தால் மாத்திரை வேண்டாம் என்பேன், வருடம் ஒருமுறை ரத்தம் பார்த்தால் போதும். 140-ஐத் தாண்டினால் நீங்கள் அந்த ஆய்வுகளின் ஆள். உங்களுக்கு 7 சதவீதம் என்பது ஐந்தரை கிலோ. டிபிபியில் குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஆபத்து 16 சதவீதம் குறைந்தது, ஆகவே இரண்டு கிலோவில் நின்றுபோனாலும் வீண் இல்லை. எடை அசையவே இல்லையென்றால் அதற்காகவும் விட்டுவிடாதீர்கள், ஐடிபிபியில் எடை குறையாமலேதான் பலன் கிடைத்தது. பயிற்சியாளர் கிடைக்காத ஊரில் என்ன செய்வது என்பதற்கும் கொஞ்சம் தடம் இருக்கிறது: 537 ஆண்களுக்குக் கைப்பேசியில் குறுஞ்செய்தி மட்டும் தொடர்ந்து அனுப்பி, இரண்டு வருடத்தில் 27 சதவீதத்தை 18 ஆக்கிக் காட்டிய ஆய்வு 2013-ல் வந்தது. யாரோ ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பதுதான் வேலை செய்கிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆறு மாதம் அப்படிக் கணக்கு வைத்துச் செய்தும் இரண்டு மணி நேர அளவு 180-க்குப் பக்கத்திலேயே நின்றால், முதல் டாக்டரிடம் திரும்பிப் போய் அதே மெட்ஃபார்மினைக் கேளுங்கள். வயிற்றுப்போக்கும் குமட்டலும் முதல் வாரங்களில் வரலாம், சாப்பாட்டோடு போட்டால் பெரும்பாலும் அடங்கும். வருடக்கணக்கில் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம், அதைச் சோதித்துக்கொள்ள வேண்டும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டை நேரில் பார்க்காமல், உடம்பைத் தொடாமல் எழுதுகிறேன், எனவே “போடாதே” என்றோ “போடு” என்றோ இங்கிருந்து சொல்ல முடியாது.

கடைசி வரியில் கேட்டிருந்தீர்களே, மூன்று மாதத்தில் 5.6 வந்துவிட்டால் குணமாகிவிட்டதா என்று. குணம் என்று நான் எழுத மாட்டேன். ஆனால் டிபிபியில் ஒரே ஒருமுறையாவது நார்மலைத் தொட்டுத் திரும்பியவர்களுக்கு, தொடாதவர்களைவிடப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் ஆபத்து 56 சதவீதம் குறைவாக இருந்தது. மறுபடி நடுவரம்புக்குள் போனவர்களும் அதில் அடக்கம்.